கலக்காத குப்பி

ஜூன் 9

அக்காவுக்கு,

இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்கும் வரிகளை நீயே போட்டு நிரப்பிக்கொள். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் போன் அடித்தால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்வார். அவர் காதுபட இதைக் கேட்க முடியாது. தவிர, உன் குரலைக் கேட்டால் நான் கத்திவிடுவேன். காகிதத்தில் கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது.

அப்பா நேற்று முன்தினம் ரயிலில் வந்து இறங்கினார். உன் வீட்டில் நாலு நாள் இருந்த தெம்பில் சிரித்துக்கொண்டுதான் வந்தார். செருப்பைக் கழற்றியதும் குளிருகிறது என்றார். நான் புழுக்கம் தாங்காமல் செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருக்கிறேன், இவர் இரண்டு போர்வை கேட்கிறார். பல் கிட்டிக்கிறது. தொட்டால் கொதிக்கிறது. சட்டையைக் கழற்றும்போது தோளில் கை வைத்தேன், முகத்தைச் சுளித்தார். என் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து தடித்திருந்தது.

என்னப்பா இது என்று கேட்டால், "பெரியவ ஒரு ஊசி போட்டா. சின்னுகிட்ட சொன்னா பயப்படுவா, நானே பேசிக்கிறேன்னா" என்கிறார். பையைக் கவிழ்த்தேன். மருந்துச் சீட்டுகளுக்கு நடுவில் ஒரு அட்டை. அக்கி தடுப்பூசி, முதல் தவணை. கீழே உன் கையெழுத்து, வாலைச் சுழித்துப் போட்டிருக்கிறாய்.

அவருக்கு எழுபத்தொன்று. மூட்டுக்குச் சாப்பிடும் மாத்திரை உடம்பின் எதிர்ப்பை அடக்கிவைக்கிற மாத்திரை என்று எனக்கு விளக்கியது நீதான். அந்த உடம்புக்குள் அதே நோயின் கிருமியை ஊசியில் ஏற்றி அனுப்பியிருக்கிறாய். இடது கண்ணைத் தின்றுவிட்டுப் போன கிருமி. அவருக்கு மிச்சம் இருப்பது ஒரு கண்.

நேற்று ஆபீஸுக்குப் போகவில்லை. பாதியில் நிற்கிற ஒரு வீட்டு வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்துவைத்துக்கொண்டு, கோடு போடாமல் அவர் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது புருவத்துக்கு மேலே ஒரு சிவப்புப் புள்ளி. பட்டப்பகலில் டார்ச் அடித்துப் பார்த்தேன். "நெத்தியில என்ன புதையலா இருக்கு" என்று கேட்டார். கொசுக்கடி என்றுதான் நினைக்கிறேன். நான் கொசுக்கடி என்று நினைத்தால் அதற்கு என்ன மதிப்பு என்று உனக்குத் தெரியும்.

எதைப் பார்த்தால் பயப்பட வேண்டும், எதைப் பார்த்தால் வேண்டாம் என்று எழுது. திட்டாமல் எழுது. இந்த வாரம் என்னால் தாங்க முடியாது.

சின்னு


ஜூன் 14

சின்னு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே அப்பா போனில் சொல்லிவிட்டார், காய்ச்சல் இரண்டாம் நாளே விட்டுவிட்டது என்று. புருவத்தில் இருந்ததும் அமுங்கிவிட்டதாம். இருந்தாலும் நீ கேட்டதற்கு எழுதுகிறேன்.

இந்த ஊசி போட்டவர்களில் பாதிப்பேருக்குக் கை வலிக்கும். நிறையப் பேருக்கு உடம்பு வலி, அசதி, குளிர், காய்ச்சல். ஒரு நாள், இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். உடம்பு பாடம் படிக்கிறது என்று அர்த்தம். காய்ச்சல் மாத்திரை கொடுத்துத் தண்ணீர் குடிக்க வைத்தால் போதும். மூச்சுத் திணறினால், முகமோ தொண்டையோ வீங்கினால், அல்லது சில வாரங்களுக்குள் கால் துவண்டு நடக்க முடியாமல் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதெல்லாம் மிக அபூர்வம். பதினெட்டு வருஷ நர்ஸ் வேலையில் நான் ஒருவரிடமும் பார்த்ததில்லை.

ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது. கிருமியின் மேல்சட்டையில் ஒரு துண்டு மட்டும்தான். அதனால்தான் மூட்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதைப் போடுகிறோம். அவர்களுக்குத்தான் முக்கியமாகப் போட வேண்டும். பழைய வகை ஊசி ஒன்று இருந்தது, அதில் உயிருள்ள கிருமி. அதை அப்பாவுக்கு நான் போட்டிருக்க மாட்டேன். அவருடைய மூட்டு டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டேன்.

அக்கி வெளியிலிருந்து வருவதில்லை. சின்ன வயசில் அம்மை போட்டபோது வந்த கிருமி நரம்புக்குள்ளேயே படுத்திருக்கிறது. வயசாகி எதிர்ப்பு குறைந்தால் எழுந்து வரும். ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வரலாம். மறுபடி வந்தால் எந்தப் பக்கம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதை நினைத்துத்தான் செய்தேன்.

உன்னிடம் கேட்காமல் போட்டது தப்பு. கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. அது இன்னும் பெரிய தப்பு.

இரண்டாவது தவணை இரண்டு மாதம் கழித்து. ஆறு மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

இன்னொரு விஷயம் எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். மன்னித்துக்கொள். வேறு காகிதம் கைவசம் இல்லை.

அக்கா


ஜூன் 19

அக்கா,

நன்றி. நிஜமாகவே நன்றி. உன் கடிதத்தை மடித்து மாத்திரை டப்பாவில் வைத்திருக்கிறேன். அப்பா நன்றாக இருக்கிறார். நேற்று மூன்றாவது மாடி வரை நின்று மூச்சு வாங்காமல் ஏறிவிட்டு, கால் துவளவில்லை என்று சான்றிதழ் கேட்டார். உன் கடிதத்தை எனக்குத் தெரியாமல் எடுத்துப் படித்திருக்கிறார்.

ஆனால் கடைசியில் நீ அடித்த நாலு வரி. அடித்தாயா, உழுதாயா? காகிதம் பின்பக்கம் புடைத்திருக்கிறது. நீ எழுதினால் ஒரு எழுத்து மாறாது. பள்ளிக்கூடத்தில் உன் பழைய நோட்டுகளை எனக்குக் கொடுத்து, இதைப் பார்த்துக் கற்றுக்கொள் என்பார்கள். எனக்கு அந்த நோட்டுகளைக் கண்டாலே ஆகாது. அப்பேர்ப்பட்டவள் இப்படிக் கீறியிருக்கிறாய் என்றால் அதன் அடியில் ஏதோ இருக்கிறது.

அப்பாவைப் பற்றியதா? உனக்கு ஏதாவது உடம்பா? நான் எதையும் நல்லபடியாகக் கற்பனை செய்யத் தெரியாதவள். நீ சொல்லாத ஒவ்வொரு நாளும் என் தலைக்குள் அது ஒரு சுற்று பெருக்கிறது.

இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நீ சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "நீ கூட இருந்து பார்த்துக்கிட்ட லட்சணம் இதுதானா? நாலு நாள் சும்மா இருந்திருக்கே." கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த பெண்மணிகூட நிமிர்ந்து பார்த்தாள். நீ சொன்னதில் தப்பு இல்லை. அதனால்தான் உன்னோடு பேச முடியவில்லை. தப்பாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டு மறுநாளே பேசியிருப்பேன்.

அடித்த வரியை அடிக்காமல் எழுது.

சின்னு


ஜூன் 24

சின்னு,

நாலு காகிதம் கிழித்தாகிவிட்டது. இது ஐந்தாவது. இதைப் படித்துவிட்டு அப்பா கண்ணில் படாமல் வை. மாத்திரை டப்பா வேண்டாம்.

அந்த மருந்து ஜோடியாக வரும். ஒரு குப்பியில் அடியில் ஒட்டின மாதிரி வெள்ளைத் தூள். இன்னொன்றில் திரவம். திரவத்தைச் சிரிஞ்சில் உறிஞ்சித் தூள் குப்பிக்குள் செலுத்தி, மெல்ல ஆட்டிக் கரைத்து, மறுபடி உறிஞ்சிப் போட வேண்டும். உடம்புக்குப் பாடம் தூளில்தான் இருக்கிறது. திரவம் உடம்பைத் தட்டி எழுப்பிப் பாடத்தைக் கவனிக்க வைப்பது, அவ்வளவுதான். திரவம் மட்டும் போனால் கை வலிக்கும், காய்ச்சல்கூட வரும். பாதுகாப்பு வராது.

எங்கள் கிளினிக் ஃப்ரிட்ஜ் சின்னது. பெட்டியோடு வைத்தால் கதவு மூடாது. அதனால் பெட்டியைப் பிரித்துத் தூளை ஒரு தட்டிலும் திரவத்தை ஒரு தட்டிலும் அடுக்குவேன். ஆறு வருஷமாக அப்படித்தான். பிரிக்காதீர்கள் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. அதெல்லாம் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு என்று நினைத்திருந்தேன்.

ஜூன் ஆறாம் தேதி தடுப்பூசி அறையில் நான் மட்டும். கூட இருக்கும் பெண் விடுப்பு. மற்ற ஊசிகள் போக அக்கி ஊசிக்கு மட்டும் பதினோரு பேர், அப்பாவையும் சேர்த்து. சாயங்காலம் தட்டைக் கழுவ எடுத்தேன். காலித் திரவக் குப்பி பதினொன்று. காலித் தூள் குப்பி பத்து. ஒரு தூள் குப்பி மூடி திறக்காமல் நின்றுகொண்டிருந்தது.

மூன்று தடவை எண்ணினேன். குப்பைத் தொட்டியைக் கொட்டி எண்ணினேன். யாரோ ஒருவருக்கு வெறும் திரவத்தைப் போட்டு, பஞ்சு வைத்து, அட்டையில் கையெழுத்தும் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

இருப்புப் புத்தகத்தில் "ஒன்று கை தவறி உடைந்தது" என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்று தெரிந்தது. குப்பியை ஊசிகள் போடும் மஞ்சள் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

அது அப்பாவுடையது என்று நினைக்கிறேன். அவருக்குப் போடும்போது எனக்குக் கவனம் மருந்தில் இல்லை. சொந்த அப்பா. அவர் வேறு ஒரு கண்ணால் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பு நடந்திருந்தால் அங்கேதான் நடந்திருக்கும். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது என்று தெரிந்தபோது, மருந்து சரியாகப் போயிருக்கிறது என்று ஒரு நிமிஷம் ஆறுதல். அப்புறம், திரவத்துக்கும் காய்ச்சல் வருமே என்று ஞாபகம் வந்தது.

அப்பாவை இன்னொரு தடவை அனுப்பு. சரியாகப் போட்டுவிடுகிறேன். யாருக்கும் தெரிய வேண்டாம். இந்தத் தெருவில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஊசியக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கடைக்காரர், எதிர்வீட்டுக் குழந்தைகள், எல்லோரும். இது வெளியே வந்தால் எந்தக் கையை நீட்டி நான் காய்கறி வாங்குவது?

நாலு நாள் சும்மா இருந்தாய் என்று உன்னைச் சொன்னேன். நான் பதினெட்டு நாளாகச் சும்மா இருக்கிறேன். எனக்கு இது என் வேலை. உனக்கு அது வேலைகூட இல்லை.

அக்கா


ஜூலை 1

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன். அந்த நோட்டுகளின் சொந்தக்காரி, அந்தத் தாழ்வாரத்தில் விரலை நீட்டினவள், இப்போது எனக்குக் கீழ்ப்படியில் நிற்கிறாள் என்று. அது அரை மணி நேரம் இருந்தது. அப்புறம் என்மேலேயே அருவருப்பு வந்தது. அப்புறம் பயம். அது இன்னும் போகவில்லை.

அப்பாவிடம் கடிதத்தைக் காட்டவில்லை. அவர் மூக்குக்கண்ணாடித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தபோது, அன்று அக்கா சரியாகத்தான் ஊசி போட்டாளா என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். நிமிராமலே சிரித்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தூளையும் தண்ணியையும் சேர்க்கிற வேலையை நான் நாப்பது வருஷம் பார்த்தவன்மா. பல் செட் செய்யறப்போ அதுக்கு ஈறு பிடிக்கிறதும் அதே கதைதான். வேகமா ஆட்டினா குமிழி வந்துடும், அந்தப் பல்லு கிழவன் வாயில உடையும். அவ அவசரப்படல. மெதுவா ஆட்டி, ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, கட்டி இருக்கான்னு பார்த்தா. அட, இது நம்ம கையாச்சேன்னு நினைச்சுக்கிட்டேன்."

அக்கா, அப்பாவுக்குப் போட்டது சரியான ஊசி.

அவர் அதோடு நிறுத்தவில்லை. உன்னைப் புகழ ஆரம்பித்தால் அவருக்கு நிறுத்தத் தெரியாதே. தனக்கு அடுத்து ஒருவர் வந்தாராம். நிலைப்படியில் தலை இடிக்கிற உயரமாம். மகள் கூட வந்திருந்தாளாம். நீ அவரை உட்கார வைத்து, சிரிஞ்சில் மருந்தை இழுத்தாயாம். அப்பா வாசற்படி எங்கே என்று காலால் துழாவியதைப் பார்த்துவிட்டு, சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு ஓடிவந்து வாசல் வரைக்கும் கைபிடித்துக் கொண்டுவந்து விட்டாயாம். "வேணாம்மா, அவர் காத்திருக்கார்னு சொன்னேன். கேக்கல. அப்படி ஒரு பாசம்" என்கிறார்.

தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரியாது. திருகாணியை முடுக்கிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

இது நடந்து இரண்டு நாள் ஆகிறது. இரண்டு நாளாக இதை உனக்கு எழுதவில்லை. நம் அப்பாவுக்கு ஊசி சரியாகப் போயிருக்கிறது, நம் வீட்டுக்கு அது போதும், அவரை அனுப்பினால் நீ இன்னொன்று போடுவாய், உன் மனசும் ஆறும், கதவைச் சாத்திவிடலாம் என்று கணக்குப் போட்டேன். எழுதாமல் இருப்பது எவ்வளவு சுலபம் தெரியுமா. ஒன்றுமே செய்ய வேண்டாம்.

ஆனால் அந்த உயரமான மனிதருக்கு ஒரு மகள் இருக்கிறாள்.

அந்த நாலு நாளைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. நீயும் கேட்டதில்லை. முதல் நாள் அப்பா இடது பக்கத் தலை வலிக்கிறது, சீப்பு பட்டால்கூட எரிகிறது என்றார். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் நெற்றியில் நாலு பொரி. வியர்க்குரு என்று பவுடர் போட்டேன். மூன்றாம் நாள் மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கித் தடவினேன், குளிர்ச்சியாக இருக்கிறது என்றார், எனக்குப் பெருமையாக இருந்தது. நாலாம் நாள் மூக்கு நுனியிலும் கொப்புளம், இமை மூடிக்கொண்டது. மூன்று நாளுக்குள் மாத்திரை ஆரம்பித்திருந்தால் கண் தப்பியிருக்க வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் சொன்னார். நான் தூங்கிக்கொண்டிருக்கவில்லை அக்கா. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து களிம்பு தடவிக்கொண்டிருந்தேன்.

நான் தெரியாமல் நாலு நாள் இருந்தேன். அந்த மகள் அது அக்கியாக இருக்கலாம் என்று தெரிந்தும் சும்மா இருப்பாள். தன் அப்பாவுக்குத்தான் ஊசி போட்டாயிற்றே என்று தைரியமாக இருப்பாள். அந்தத் தைரியத்தைக் கொடுத்தது உன் கையெழுத்து.

டாக்டரிடம் போய்ச் சொல். நீ சொல்லாவிட்டால் நான் டாக்டருக்கு எழுதுவேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். வந்த பதில் எனக்கே பயமாக இருக்கிறது. அதை நிஜமாக்க விடாதே.

சின்னு


ஜூலை 11

சின்னு,

உன் கடிதம் ஐந்தாம் தேதி காலை வந்தது. வாசலில் நின்றபடியே படித்தேன். அந்த உயரமான மனிதரைப் பற்றி நீ எழுதிய இடத்துக்கு வந்ததும், சிரிஞ்சைத் தட்டில் வைத்த சத்தம் எனக்குக் காதில் கேட்டது. ஒரு மாதமாக அது என் தலைக்குள்தான் இருந்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது மருந்து தயாராக இருந்தது. தூளோடு கலந்தாயிற்று என்று நம்பி, வெறும் திரவத்தைப் போட்டுவிட்டேன்.

அன்றே டாக்டர் அறைக்குப் போனேன். டாக்டருக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் குழந்தைகளுக்கு ஊசி போடும்போது எங்கே பிடிக்க வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று நின்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எத்தனை நாள் ஆகிறது என்று மட்டும் கேட்டாள். இருபத்தொன்பது நாள் என்றேன். இருப்புப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னாள். அந்த வரியில் விரலை வைத்தாள்.

"மருந்து கலக்காமப் போட்டது எனக்கும் நடக்கலாம்க்கா. இந்த வரியை நான் எழுதியிருக்க மாட்டேன்."

அவள் கத்தியிருந்தால் தேவலை.

மருந்துக் கம்பெனிக்கு என் எதிரிலேயே பேசினாள். திரவம் மட்டும் போனால் கெடுதல் இல்லை, ஆனால் அதை ஊசியாகக் கணக்கில் எடுக்கக் கூடாது, முழு ஊசி திரும்பப் போட வேண்டும் என்றார்கள். அப்பா பார்த்ததைச் சொன்னேன். ஒருவர் பார்த்ததை வைத்து மற்றவர்களை விட்டுவிட முடியாது, பதினோரு பேரையும் கூப்பிடுவோம், சரியாகப் போட்டவருக்கு இன்னொன்று போனால் இரண்டு நாள் கை வலிக்கும், அவ்வளவுதான் என்றாள். அப்பாவுக்கும் சேர்த்துத்தான். என்னைத் தடுப்பூசி அறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை முடிகிற வரைக்கும் முன்னறையில் பெயர் எழுதும் மேஜை. ஃப்ரிட்ஜுக்குள் இப்போது கதவு மூடுகிற அளவுக்கு மட்டும் பெட்டிகள் பெட்டியாகவே அடுக்கியிருக்கின்றன. புது ஃப்ரிட்ஜ் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஆறு வருஷத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

போன் பண்ணுவதை நானே செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முதல் நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் முழுக்கக் கேட்டுவிட்டு, நீங்கள் சொல்லாவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காதே என்றார். அதைப் பாராட்டாகச் சொன்னாரா, பயந்து சொன்னாரா என்று தெரியவில்லை. ஒரு அம்மா, அப்போ நீங்க எனக்குப் பார்க்கிற பிரஷராவது சரியானதுதானா என்று கேட்டார். ஒருவர் பதில் சொல்லாமல் வைத்துவிட்டு மறுநாள் காலை முதல் ஆளாக வந்து நின்றார். தையற்கடைக்காரர் நேராக என் மேஜைக்கு வந்து சட்டைக் கையைச் சுருட்டினார். "ஊசியக்கா இருக்கும்போது வேற யாரு போடறது?" நான் போடக் கூடாது, உள்ளே போங்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. வரிசையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

ஒன்பது பேர் வந்து போட்டுக்கொண்டார்கள். பத்தாவது அந்த உயரமானவர்.

அவர் மகள்தான் போனை எடுத்தாள். மற்றவர்களிடம் பேசியதைவிட நிதானமாகத்தான் பேசினேன். உங்கள் அப்பாவாகத்தான் இருக்கும் என்றுகூடச் சொன்னேன், சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று டாக்டர் கையைக் காட்டியும். அவள் சொன்னாள், "தப்பாப் போட்டதும் நீங்க, மறுபடி போடணும்னு கூப்பிடறதும் நீங்க. எங்கப்பா பக்கம் இனிமே ஒரு ஊசி வராது." வைத்துவிட்டாள். இரண்டு தடவை டாக்டர் முயன்றாள். எடுக்கவில்லை. எழுத்தில் அறிவிப்பு அனுப்பியாகிவிட்டது, அதற்கு மேல் நம் கையில் இல்லை என்கிறாள். அவள் சொல்வது சரி. கிளினிக்குக்கு அவ்வளவுதான்.

நேற்று வேலை முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடி. வாசலில் படகு மாதிரி ஒரு ஜோடிச் செருப்பு. உள்ளே அவர் யாருக்கோ செய்தி வாசித்துக் காட்டுகிற குரல். அவரும் எதிர்ப்பை அடக்கும் மாத்திரை ஏதோ சாப்பிடுகிறார், அட்டையில் எழுதியிருக்கிறது. நரம்புக்குள் படுத்திருக்கும் கிருமி எழுந்து வரும் என்று உனக்கு எழுதினேனே, அது இந்தக் கதவுக்குப் பின்னால் இந்த நிமிஷம் எழுந்துகொண்டிருக்கலாம் என்று தோன்றியது. மணியில் விரலை வைத்தேன். அழுத்த முடியவில்லை, சின்னு. அவள் கத்துவாள் என்று பயமில்லை. என் முகத்தைப் பார்த்தால், ஊசி என்றாலே இதுதான் என்று அவள் முடிவு கட்டிவிடுவாள். நான் போனால் அவர் போட்டுக்கொள்ளவே மாட்டார். போகாவிட்டாலும் போட்டுக்கொள்ள மாட்டார். படி இறங்கி வந்துவிட்டேன்.

என்ன செய்வது என்று தெரியாமல் உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை.

அக்கா


ஜூலை 15

அக்கா,

ஆபீஸில் ஒரு வாரம் விடுப்பு சொல்லிவிட்டேன். சனிக்கிழமை பகல் வண்டிக்கு இரண்டு டிக்கெட். இந்தக் கடிதத்தைக் கூரியரில் அனுப்புகிறேன். போனில் சொன்னால் வேண்டாம் என்பாய்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் எப்படி அவருக்கு இன்னொரு ஊசி என்பது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம், "என்னைக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போனதாலயா?" என்று கேட்டார். இல்லைப்பா, பெட்டியைப் பிரித்து வைத்ததால் என்றேன். நம்பினாரா தெரியவில்லை. அன்று சாப்பாட்டில் பாதியை ஒதுக்கிவிட்டார். மறுநாள் பெட்டியில் அவரே துணி அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்கு நானும் வருகிறேன், ஒத்தைக் கண்ணன் போய் நின்னா விளம்பரப் பலகையே வேணாம் என்கிறார். சிரிக்க முயன்றேன், வரவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. அவருக்குத் திரும்பக் காய்ச்சல் வரும், திரும்ப அந்த நெற்றியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். உன் கடிதத்தில் இருப்பது எல்லாம் எனக்கு மனப்பாடம், இருந்தும் பயம்தான். இந்தத் தடவை உன் வீட்டில் உட்கார்ந்து பயப்படுகிறேன்.

அந்த உயரமானவரின் மகளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவளை உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவள் பிடிவாதக்காரி இல்லை. அப்பாவை யாரோ ஏதோ செய்துவிட்டார்கள், தான் பக்கத்திலேயே நின்றும் பார்க்கவில்லை, அதுதான் அவளை அரித்துக்கொண்டிருக்கும். இனி எதையும் செய்யாமல் இருந்துவிட்டால் தப்பே நடக்காது என்று நினைப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஜூன் ஒன்பதாம் தேதி நான் எழுதின கடிதத்தை எடுத்துப் பார், அவள் எழுதின மாதிரியே இருக்கும்.

அவளிடம் ஊசியைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அதை உன் டாக்டர் சொல்லட்டும். பவுடர் போட்டதையும், களிம்பு தடவினதையும், அது குளிர்ச்சியாக இருக்கிறது என்று அப்பா சொன்னபோது எனக்கு எப்படி இருந்தது என்பதையும் சொல்வேன். உன்னைத் தவிர வேறு ஒருவரிடம் சொல்வது இதுதான் முதல் தடவையாக இருக்கும். வாசலிலேயே நின்று சொல்ல வேண்டியிருந்தாலும் சொல்வேன்.

உன் தப்பை நீ சொல். என் தப்பை நான் சொல்கிறேன். இரண்டையும் கேட்ட பிறகு அவள் கதவைச் சாத்தினால் சாத்தட்டும்.

சனிக்கிழமை வரைக்கும் அந்தப் படியில் தனியாக ஏறாதே.

சின்னு